‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள்

மருந்துப் பெட்டிக்குள் பல மடிப்பாக ஒரு தாள் இருக்குமே, அதைப் பிரித்துப் படித்தவர்கள் நம்மில் குறைவு. பிரித்தால் திரும்ப அதே மாதிரி மடிக்கவும் வராது. தகவல் வடிவமைப்பு, அதாவது படிப்பவருக்குத் தகவல் எளிதில் கிடைத்துப் புரியும்படி அமைக்கும் கலை, படிக்க வரும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது அந்தத் தாளைத்தான். ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருள், போஸ்டர் எல்லாம் அப்புறம்.

காரணம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தத் தாளை, அதைப் படிக்கப்போகிறவர்களிடமே கொடுத்துச் சோதித்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2004-இல் வந்த திருத்தம் அதைக் கட்டாயமாக்கியது. வழக்கமாகப் பத்துப் பேர் கொண்ட இரண்டு சுற்றுகள். தாளைக் கையில் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். 90 சதவீதம் பேர் விடை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவர்களில் 90 சதவீதம் பேர் அதைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். மொத்தக் கணக்கில், 20 பேரில் 16 பேராவது தேற வேண்டும்.

கண்டுபிடிப்பதையும் புரிந்துகொள்வதையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்தப் படிப்பில் பாதி அதற்குள் அடங்கிவிடும். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் தலைப்பு, வரிசை, இட அமைப்பில் கோளாறு. கண்டுபிடித்தும் புரியவில்லை என்றால் எழுதிய விதத்தில் கோளாறு. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே கஷாயமாக ‘ஃபான்ட் சைஸைக் கூட்டிட்டோம் சார்’ என்று வந்து நிற்பார்கள்.

ஃபான்ட் சைஸைக் கூட்டி வந்த வினைக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணமே உண்டு. 2000-இல் அமெரிக்க அதிபர் தேர்தல். ஃபுளோரிடாவின் பாம் பீச் கவுண்டியில் வயதானவர்கள் அதிகம். அவர்களுக்காக வாக்குச் சீட்டில் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். வேட்பாளர் பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்காமல் இரண்டு பக்கத்துக்குப் பரவின. வாக்களிக்கத் துளையிடும் இடம் நடுவில் ஒற்றை வரிசையாக நின்றது. இடப்பக்கம் இரண்டாவதாக இருந்தது அல் கோர் பெயர். ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த பாட் புக்கானனுக்குரியது. கோருக்கு மூன்றாவது. அந்தக் கவுண்டியில் புக்கானனுக்கு 3,400-க்கும் மேல் வாக்கு விழுந்தது. அதில் பெரும்பகுதி தனக்கு விழுந்ததாக இருக்காது என்று அவரே ஒத்துக்கொண்டார். இரண்டு துளை போட்டுச் செல்லாமல் போன சீட்டுகள் தனி. ஃபுளோரிடாவில் கோரை எதிர்த்து நின்ற ஜார்ஜ் புஷ் ஜெயித்தது 537 வாக்கு வித்தியாசத்தில்.

எழுத்தைப் பெரிதாக்கியவர்களின் எண்ணத்தில் குறை சொல்ல முடியாது. அந்தச் சீட்டை அறுபது வயதைத் தாண்டிய பத்துப் பேரிடம் கொடுத்து, ‘இன்னாருக்கு ஓட்டுப் போடுங்க’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், வெளியே வந்திருக்கும்.

இந்த ‘உட்கார்ந்திருப்பது’தான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கக் கஷ்டமான பாடம். ஒரு மாணவர் குழு மருத்துவமனை டிஸ்சார்ஜ் தாளைத் தமிழில் புதிதாக வடிவமைத்தது. கல்லூரி வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்தார்கள். ‘நாளொன்றுக்கு இருமுறை, சாப்பிடுவதற்கு முன்’ என்று அவர் தடங்கலில்லாமல் வாசித்தார். குழுவுக்கு ஒரே சந்தோஷம். அதோடு விட்டிருந்தால் சோதனை வெற்றி என்று எழுதியிருப்பார்கள். நான் தயார் செய்யச் சொல்லியிருந்த கேள்வியை ஒரு மாணவி கேட்டார்: “அண்ணா, இப்ப மணி பதினொண்ணு. காலை டிபன் எட்டு மணிக்கே முடிஞ்சுது. மாத்திரை போட மறந்துட்டீங்க. இப்ப என்ன செய்வீங்க?”

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “விட்டுப்போச்சுல்ல, ராத்திரிக்கு ரெண்டா போட்டுக்குவேன்.”

“ஐயோ, அப்படிப் போடக் கூடாதுண்ணா!” என்று இன்னொரு மாணவன் குறுக்கே விழுந்தான். அதற்கு மேல் அண்ணன் எல்லாக் கேள்விக்கும் மாணவர்களின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். சோதனை முடிந்துபோனது. மருந்து விஷயம் என்பதால் திருத்தாமல் அனுப்பக் கூடாது, வாஸ்தவம். ஆனால் அதற்கு இடம் கடைசியில், எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகு. நடுவில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: “அப்படி ஏன் நினைச்சீங்க?”

தாளில் வேளை தவறினால் என்ன செய்வது என்ற வரியே இல்லை. ஐரோப்பியத் தாள்களில் அதற்கென்று தனித் தலைப்பு உண்டு. தவறியதை ஈடுகட்ட இரட்டையாகப் போடாதீர்கள் என்று அங்கே எழுதியிருக்கும். குழு அந்த வரியைச் சேர்த்தது, ‘குறிப்பு’ என்று தாளின் அடியில். அடுத்த சுற்றில் யார் கண்ணிலும் அது படவில்லை. மாத்திரைப் பெயருக்கு நேர் கீழே கொண்டுவந்த பிறகுதான் படித்தார்கள்.

நம் ஊரில் சோதனை செய்பவர்களுக்கு இன்னும் இரண்டு சிக்கல். ஒன்று, மரியாதை. படிக்கிற பிள்ளை கேட்கிறதே என்று எதைக் காட்டினாலும் ‘நல்லா இருக்கு தம்பி’ என்பார்கள். அதனால் கருத்துக் கேட்காதீர்கள், வேலை கொடுங்கள். ‘உங்களைச் சோதிக்கலைங்க, இந்தத் தாளைத்தான் சோதிக்கிறோம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு, ‘கண்ணாடி எடுத்துட்டு வரலைப்பா’ என்ற பதில். பல சமயம் உண்மையிலேயே கண்ணாடிதான். சில சமயம் வாசிக்க வராது என்பதைச் சொல்லக் கூச்சம். துருவிக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். குறித்துக்கொள்ளுங்கள், அவரும் உங்கள் வாசகர்தான். ஹாஸ்டல் நண்பர்களை மட்டும் கூப்பிட்டால் இந்த இரண்டுமே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

‘ஐந்து பேர் போதும்’ என்று பயன்பாட்டுச் சோதனை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதை எல்லா மாணவர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது ஒரு சுற்றில் குறைகளைக் கண்டுபிடிக்க. திருத்திவிட்டு மறுபடியும் சோதிக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஐந்து பேரில் நான்கு பேர் செய்ததை ‘80 சதவீத வெற்றி’ என்று பை சார்ட் போடுவதற்கு அவர் அனுமதி தரவில்லை.

இதை முறையாகப் படிக்க, தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் முதுநிலைப் படிப்பு உண்டு; மும்பை ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளியான ஐடிசி உண்டு; இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தின் டைப்போகிராஃபி (எழுத்து வடிவமைப்பு) துறை இதில் பழம் தின்று கொட்டை போட்டது. எங்கே சேர்வதாக இருந்தாலும், பயன்பாட்டுச் சோதனை செமஸ்டரின் எந்த வாரத்தில் வருகிறது என்று சீனியர்களிடம் விசாரியுங்கள். சமர்ப்பிப்பதற்கு முந்தைய வாரம் என்றால், கண்டுபிடித்த குறையைத் திருத்தவே நாள் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில்தான் சேர்ந்தாக வேண்டும் என்றால், பென்சிலால் கிறுக்கிய முதல் வரைவை மூன்றாவது வாரமே எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். யாரும் மார்க்கைக் குறைக்கப்போவதில்லை.