தக்க ஏற்பாடு: தங்குமிடமும் அன்று, சலுகையும் அன்று

காலையில் தொடங்கி மாலையில் கலைந்துவிடும் ஓவியப் பட்டறை. அதன் அறிவிப்பின் கடைசி வரி இப்படி இருந்தது: "மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கு நியாயமான தங்குமிடம் வழங்கப்படும்." ஒரு பகல் நிகழ்ச்சியில் யார் எங்கே தங்கப்போகிறார்கள்? இசைப்போட்டி விண்ணப்பம், நாடகப் பயிற்சிக்கான அழைப்பு, கலைஞர் நிதியுதவி விதிகள் என்று போகுமிடமெல்லாம் இதே தங்குமிடம் எதிரே வந்து நிற்கிறது. 'ரீசனபிள் அக்காமடேஷன்' என்ற ஆங்கிலச் சட்டத்தொடரை இயந்திரத்திடம் கொடுத்து, அது துப்பியதை ஒருமுறைகூட வாசித்துப் பார்க்காமல் ஒட்டியிருக்கிறார்கள். வாசித்துவிட்டும் ஒட்டியவர்கள் இருந்தால் அவர்களிடம் பேச எனக்குத் தெம்பில்லை.

தொடர் குறிப்பது இதைத்தான்: உடலாலோ புலனாலோ மனநலத்தாலோ தடை எதிர்கொள்ளும் ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்க, அவருடைய தேவைக்கேற்ப விதியை, நேரத்தை, கருவியை, இடத்தை மாற்றிக் கொடுப்பது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை (2006) இரண்டாம் பிரிவில் இதை வரையறுக்கிறது. மாற்றம் தேவையானதாகவும் பொருத்தமானதாகவும் இருக்க வேண்டும். செய்பவர்மேல் அளவுமீறிய சுமையை ஏற்றக் கூடாது. குறிப்பிட்ட ஒருவருக்குத் தேவைப்படும் இடத்தில் செய்யப்பட வேண்டும். இதை மறுப்பது பாகுபாடு என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்தக் கடைசிக் கூற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

'அக்காமடேஷன்' என்ற சொல்லின் வேர் லத்தீன். 'மோதுஸ்' என்றால் அளவு. அதிலிருந்து பிறந்த 'அக்கொமொதாரே' என்ற வினைக்கு அளவுக்கு ஒத்துவரச் செய்தல், பொருத்துதல் என்று பொருள். வந்தவருக்கு இடம் பொருத்திக் கொடுப்பது, அதனால் விடுதி அறை என்பது பிற்காலக் கிளை. சட்டத்துக்குள் இச்சொல் வந்தது சமயத்தின் வழியாக: 1972இல் அமெரிக்க வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம், ஊழியரின் சமய வழக்கத்துக்கு முதலாளி இடங்கொடுக்க வேண்டும் என்றது. 1990இல் வந்த அந்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதை உலகறியச் செய்தது. நம் 'வசதி'யும் வடமொழியில் உறைவிடம் என்ற பொருளுடைய சொல்தான். தமிழில் சௌகரியம் என்றாகிவிட்டது. ஆங்கிலச் சொல் பொருத்தத்திலிருந்து வீட்டுக்குப் போனது, நம்முடையது வீட்டிலிருந்து சௌகரியத்துக்கு வந்தது. வேடிக்கைதான், ஆனால் 'நியாயமான இடவசதி' என்று எழுதுபவருக்கு இது சமாதானம் ஆகாது.

தங்குமிடத்தை எள்ளி நகையாடிவிட்டு நகர்ந்துவிடலாம். சற்றுப் படித்தவர்கள் ஆக்கிய சொற்கள்தான் பெரிய தொல்லை.

முதலாவது 'தகவமைப்பு'. கேட்கச் செந்தமிழாக இருக்கிறது. ஆனால் அது உயிரியல் பாடத்தில் ஏற்கெனவே வேலைக்கு அமர்ந்த சொல்: சூழலுக்கு ஏற்ப உயிரி தன்னை மாற்றிக்கொள்வது. ஒட்டகம் பாலைக்குத் தகவமைந்தது. பாலை ஒட்டகத்துக்குத் தகவமையவில்லை. உடன்படிக்கை கேட்பது நேர் எதிரானது. மாற வேண்டியது மேடை, தேர்வு விதி, பயிற்சிக்கூடம். கலைஞர் அல்ல. தகவமைப்பு என்று எழுதிய கையோடு சுமையை அவர் தோளில் திருப்பி ஏற்றிவிடுகிறோம்.

இரண்டாவது 'சலுகை'. என் கோபம் முழுவதும் இதன்மேல்தான். ஏனென்றால் இது பிழையாகவே தெரிவதில்லை. எல்லார் வாயிலும் புழங்குகிறது. கூடுதல் நேரம் சலுகை, சைகைமொழி பெயர்ப்பாளர் சலுகை, உட்கார்ந்தபடி ஆட அனுமதி சலுகை. சலுகை என்றால் கொடுப்பவர் மனமிரங்கிக் கொடுப்பது. மனமிரங்காவிட்டால் குற்றமில்லை, நன்றி சொல்லாதவர்தான் குற்றவாளி. மறுத்தால் பாகுபாடு என்று உடன்படிக்கை சொல்வதைச் சலுகை என்ற சொல்லுக்குள் எப்படி அடைப்பீர்கள்? அதோடு, சலுகை வாங்கியவரின் படைப்பை மற்றவர் படைப்போடு ஒரே தட்டில் வைக்க நடுவரின் மனமும் ஒப்பாது. 'சலுகையில் வந்தவர்' என்ற கறை ஓவியத்தின் மேலும் படிந்துவிடும்.

கலை வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் போதும். 1941இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும்தான் இருந்தார். வண்ணம் பூசிய காகிதங்களைக் கத்தரித்தார். உதவியாளர்கள் அவர் சொன்ன இடத்தில் சுவரில் குத்தினார்கள், நகர்த்தச் சொன்னால் நகர்த்தினார்கள். அந்த உதவியாளர்களை யாராவது சலுகை என்று சொன்னதுண்டா? அமெரிக்க ஓவியர் சக் குளோஸ் 1988இல் தண்டுவடப் பாதிப்பால் செயலிழந்த பிறகு தூரிகையைக் கையோடு கட்டிக்கொண்டார். மோட்டாரில் ஏறி இறங்கும் தாங்கியில் மாபெரும் கித்தான்களை வைத்து வரைந்தார். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த பியானோக் கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காக இசையமைப்பாளர் ரவேல் இடக்கைக்கு மட்டுமான இசைக்கோவை எழுதினார். மதிப்பெண் கூட்டிப் போடவில்லை, இசையை மாற்றி எழுதினார். இன்று இரு கையும் உள்ளவர்கள் அதை வாசிக்கப் போட்டி போடுகிறார்கள்.

இவர்கள் புகழும் வாய்ப்பும் உள்ளவர்கள், கேட்டது கிடைத்தது. புகழில்லாத இளைஞர் விண்ணப்பிக்கும்போதுதான் சொல்லின் வேலை தொடங்குகிறது. தாள வாத்தியக் கலைஞர் எவிலின் கிளென்னி செவித்திறனில் பெரும்பகுதியைச் சிறுவயதிலேயே இழந்தவர். வெறுங்காலோடு நின்று அதிர்வை உணர்ந்து வாசிப்பவர். லண்டனில் இசைக்கழகம் ஒன்று முதலில் அவரைச் சேர்க்கத் தயங்கியது. காது கேளாதவருக்கு இசையில் என்ன எதிர்காலம் என்ற ஐயம். அவர் விட்டுக்கொடுக்காமல் வாதாடி இடம் பெற்றார். அவர் சலுகை கேட்கவில்லை. என் வாசிப்பைக் கேட்டு என்னை மதிப்பிடுங்கள் என்றார்.

மூன்றாவது 'நியாயமான வசதி'. இதன்மேல் எனக்குப் பெரிய பகை கிடையாது, அவசரத்துக்கு ஒப்புக்கொள்வேன். ஆனாலும் வசதி என்றால் ஒரு பொருள், ஒரு சுகம். 'வசதியானவர்' என்றால் பணக்காரர். பல நேரங்களில் இங்கே பொருளே இருக்காது: ஒத்திகையை இரண்டாகப் பிரிப்பது, எழுத்துத் தேர்வை வாய்மொழியாக நடத்துவது, கூட்ட நெரிசலும் இரைச்சலும் தாங்காத ஆட்டிச நடிகரைத் தனியறையில் தேர்வு செய்வது. இதெல்லாம் வசதியா? அது மட்டுமல்ல, சாய்தளம், மின்தூக்கி போன்றவை எல்லாருக்குமாக முன்கூட்டியே இருக்க வேண்டியவை. அவற்றுக்குத் 'தடையில்லா அணுகல்' என்று வேறு பெயர் உண்டு. இங்கே பேசுவது இந்த ஒருவருக்கு, இப்போது வேண்டியதைப் பற்றி. வசதி என்ற சொல் இரண்டையும் குழப்பிவிடும்.

'நியாயமான' என்ற அடைமொழியும் சறுக்குகிறது. நியாயமான விலை என்றால் மிதமான விலை. அதே வாசனையில் 'கொஞ்சமாகச் செய்தால் போதும்' என்று பொறுப்பாளர்கள் படித்துக்கொள்கிறார்கள். உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2018இல் வெளியிட்ட விளக்கத்தில், இந்த அடைமொழி கடமையைத் தளர்த்தும் விதிவிலக்கு அல்ல என்றது. மாற்றம் அந்த ஆளுக்குப் பொருந்துகிறதா, பயன் தருகிறதா என்பதே அதன் பொருள். சுமையின் அளவு தனிக் கேள்வி.

ஆகவே என் பரிந்துரை: தக்க ஏற்பாடு. 'தகு' என்ற வேரில் பொருத்தம், தகுதி, அளவு மூன்றும் இருக்கின்றன. விரலுக்குத் தக்க வீக்கம் என்கிறோமே, அந்தத் 'தக்க'தான். பொருந்தவும் வேண்டும், அளவு மீறவும் கூடாது; இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. ஜெர்மானியர்கள் இதே வழியில்தான் போயிருக்கிறார்கள்: அவர்களுடைய தொடரைப் பிரித்தால் அளவுக்கு ஒத்த முன்னேற்பாடுகள் என்று வரும். பிரிட்டிஷ் சட்டமோ ஆங்கிலத்திலேயே 'அக்காமடேஷ'னைக் கைவிட்டு 'சரிசெய்தல்' என்ற பொருளுள்ள சொல்லை எடுத்துக்கொண்டது. ஆங்கிலேயரே காலிசெய்த அறையில் நாம் மூட்டையோடு குடியேறுகிறோம். 'ஏற்பாடு' என்றால் பைபிள் நினைவுக்கு வருகிறதே என்றார் நண்பர் ஒருவர். கல்யாண ஏற்பாடு என்னும்போது வராத நினைவு இங்கே மட்டும் ஏன் வருகிறதாம்?

இந்த ஒரு சொல்லோடு தீர்ந்தால் பரவாயில்லை. அதே அறிவிப்புகளில் சைகைமொழி 'அடையாள மொழி' ஆகியிருக்கும். திரையில் ஓடும் வசனவரி 'மூடிய தலைப்பு' ஆகியிருக்கும். துணைக்கு வருபவர் 'ஆதரவுத் தொழிலாளி'. காதுகேளாதவர் ஒருவர் மூடிய தலைப்பு என்பதைப் படித்து என்ன விளங்கிக்கொள்வார்? மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கூலி குறைவு, கெடு நெருக்கடி, தெரியும். ஆனால் யாருக்காக அறிவிப்போ அவருக்குப் புரியாத அறிவிப்பு, கதவில் பூட்டைத் தொங்கவிட்டு 'உள்ளே வருக' என்று பலகை மாட்டிய கதை. அந்தச் சமூகத்தில் ஒருவரிடம் வரைவைக் காட்டி 'இது என்ன என்று விளங்குகிறதா?' என்று கேட்க எவ்வளவு நேரமாகும்?

தொடரை மட்டும் மாற்றி 'தக்க ஏற்பாடு செய்து தரப்படும்' என்று எழுதிவிட்டுக் கைகழுவுவதும் வேண்டாம். ஏற்பாடு எது என்று கலைஞர்தான் சொல்ல முடியும். விண்ணப்பப் படிவத்தில் இப்படி இருக்கட்டும்: "நீங்கள் முழுமையாகப் பங்கெடுக்க என்ன ஏற்பாடு தேவை? எழுதியோ, குரலில் பதிந்தோ, சைகைமொழிக் காணொளியாகவோ அனுப்பலாம். இந்த விவரம் நடுவர்களிடம் காட்டப்படாது."