விறைத்த பின்னும் தெரியும் அழுத்தம்

யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலோ நகரத்துத் தனியார் சிகிச்சை நிலையமொன்றிலோ கடைவாய்ப் பல் எடுப்பதற்காகக் கதிரையில் சாய்ந்திருப்பவர், உதடு நன்றாக விறைத்த பின்னரும் தாடையில் ஒரு தள்ளலும் நெரிப்பும் தெரிவதை உணர்ந்து, மருந்து பிடிக்கவில்லையோ என்று கலங்குவதுண்டு. மருந்து பிடித்திருந்தாலும் அப்படித்தான் தெரியும்.

விறைப்பூசியில் பெரும்பாலும் இருக்கும் லிடோகெயின், நரம்பிழைச் சவ்விலுள்ள சோடியம் வாயில்களை அடைத்து, வலிச் செய்தி மூளைக்குச் செல்லாமல் தடுக்கிறது. வலியைக் கடத்தும் மெல்லிய இழைகள் முதலில் அடங்க, அழுத்தத்தைக் கடத்தும் தடித்த இழைகள் ஓரளவு இயங்கியபடியே இருக்கும். இதை முன்கூட்டிச் சொல்லாத வைத்தியர் தம் வேலையைத் தாமே கடினமாக்கிக்கொள்கிறார் என்பேன். மருந்தை அவ்விடத்திலேயே நெடுநேரம் நிறுத்துவதற்காக, குருதிக்குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினும் 80,000 இல் 1 பங்கு என்ற அளவில் அதனுடன் சேர்க்கப்படுவதுண்டு. அது சிறிது குருதியில் கலந்தால் நெஞ்சு படபடக்கும். பயத்தில் உடல் சுரப்பதும் அதே அட்ரினலின்தான் என்பதால், படபடப்பு எதனால் வந்தது என்று நோயாளியால் பிரித்தறிய முடிவதில்லை.

கருவிகளின் வேலையும் அழுத்தத்தையே நம்பியுள்ளது. பல்வேரை எலும்புடன் பிணைக்கும் இழையம் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் தடிப்பே உடையது. எலிவேற்றர் என்னும் நெம்புகருவியின் நுனி அந்த இடுக்கில் நுழைந்து பல்லை நெம்பித் தளர்த்துகிறது. அடுத்து வரும் குறடு, பலரும் நினைப்பதுபோல் எடுத்த எடுப்பில் இழுப்பதில்லை. வேரை நோக்கி அழுத்தி, கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் மெல்ல அசைத்து, பற்குழியின் எலும்பை விரித்த பின்னரே பல்லை வெளியே எடுக்கிறது. அப்போது எழும் நொறுங்கல் ஒலி எலும்பு வழியாக நேரே உட்காதை அடைவதால், அருகில் நிற்பவரைவிட நோயாளிக்கே அது பெரிதாகக் கேட்கும்.

எலும்பில் புதைந்த ஞானப்பல்லுக்குத் துளைகருவியும் தேவைப்படலாம். பல் அடைக்கும்போது நிமிடத்துக்கு மூன்று இலட்சம் தடவைக்கு மேல் சுழன்று கீச்சிடும் காற்றுச்சுழலி, தசைக்குள் காற்றைச் செலுத்திவிடக்கூடும் என்பதால், இங்கு அதைவிட மெதுவாகச் சுழலும் மோட்டார்க் கருவியே ஏற்றது. 47 பாகை செல்சியசில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு பழுதடையலாம்; இடைவிடாது உப்புநீர் பாய்ச்சப்படுவது அதனால்தான்.

ஆனால் கூரிய வலி தெரிந்தால் அதைப் பயமென்று தள்ளிவிடக் கூடாது. சீழ்கட்டிய இடத்தின் அமிலத்தன்மையில் லிடோகெயின் நரம்புக்குள் நன்றாக ஊடுருவாது. கையை உயர்த்தினால் நிறுத்துவதென்று இருவரும் முன்னரே பேசிவைத்திருந்தால், வைத்தியர் மேலும் மருந்து ஏற்றலாம், அல்லது சீழுக்கு அப்பால் நரம்பின் அடியிலேயே ஊசி போடலாம்.