பழைய தாளை லேமினேட் செய்யாதீர்கள்

தி.நகர் மனைப்பிரிவு வரைபடம் ஒன்றை அண்மையில் ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். 1920களில், லாங் டேங்க் என்று ஆங்கிலேயர் எழுதிய பெரிய ஏரியைத் தூர்த்து ஊர் எழுந்த காலத்துத் தாள். ஏரிக்கரை எங்கே இருந்தது என்று கோடு போட்டிருக்கிறது. ஓரத்தில் பென்சிலில் மனை எண்கள், யார் யார் வாங்கினார்கள் என்ற பெயர்கள். மேற்கு மாம்பலத்தில் ஏரியே இல்லாமல் ஒரு லேக் வியூ ரோடு இருப்பது ஏன் என்று கேட்பவருக்கு இதைக் காட்டினால் போதும். எல்லாம் சரி, பளபளவென்று லேமினேட் செய்து வைத்திருந்தார். “பத்திரமா இருக்கட்டும்னுதான் சார்!”

இந்த வசனம் எனக்கு அலுத்துவிட்டது.

லேமினேஷன் பாதுகாப்பு என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தண்ணீர் படாது, தூசி படாது, உண்மைதான். ஆனால் அந்தத் தாளைக் கெடுப்பது வெளியிலிருந்து வருவது மட்டுமல்ல. மரக்கூழில் செய்து, படிகாரமும் பைன் பிசினும் சேர்த்த ஆலைத் தாளில் அமிலம் உள்ளேயே இருக்கிறது. அதை வைத்து மூடி ஒட்டினால் பகைவனையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் ஆகும். போதாததற்கு நூறு டிகிரிக்கு மேல் சூடு காட்டுகிறீர்கள். உருகிய பசை நாருக்குள் இறங்கிவிடும். அப்புறம் அமிலம் நீக்கவும் முடியாது, கிழிசலைச் சரிசெய்யவும் முடியாது. செலோ டேப்பும் இதே கதைதான், மஞ்சளாகி ஊறிக் கறையாக நிற்கும். கம்பெனி காலத்தில் கந்தல் துணியிலிருந்து செய்த தாளில் அச்சான புத்தகம் இன்னும் வெளுப்பாக இருக்க, 1930இல் அச்சான நாவல் தொட்டால் பொடியாகிறதே, பார்த்ததில்லையா?

கன்னிமாரா நூலகத்திலோ கோட்டை அருங்காட்சியகத்திலோ இருப்பவை மட்டும் சென்னையின் வரலாறு இல்லை. காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று யாரும் மதிக்காததையும் சேர்த்து வைத்தார். அதை அடித்தளமாக வைத்துத்தான் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமே எழுந்தது. உங்கள் பரணிலும் அப்படி ஒன்று இருக்கலாம், தயவுசெய்து கவனியுங்கள்.

தாளை அமிலமில்லாத உறையில் போடுங்கள். பாலியெஸ்டர் ஷீட்டில் வைப்பதானால் ஒட்டாமல், ஓரத்தை மட்டும் மூடுங்கள். மடித்ததைப் பலவந்தமாக நிமிர்த்தாதீர்கள். கையுறை வேண்டாம், அது சினிமாவில் அழகாக இருக்கும். கழுவி ஈரம் துடைத்த வெறுங்கைதான் தாளின் முனையை உணரும். தாளைத் தின்னும் ராமபாணப்பூச்சி இருந்தால் கொல்லும் மருந்தைத் தாளின் மேல் அடிக்காமல், அலமாரியின் புழுக்கத்தைக் குறையுங்கள். படம் எடுக்க ஜெராக்ஸ் கண்ணாடியில் புத்தகத்தைக் கவிழ்த்து அழுத்தாதீர்கள், முதுகு போய்விடும். கைபேசி போதும், ஃபிளாஷ் வேண்டாம்.

நூலகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ கொடுக்க நினைத்தால், யாருடையது, எந்தத் தெரு, எப்படிக் கிடைத்தது என்று தனித் துண்டில் எழுதிச் சேர்த்தே கொடுங்கள்; தாளிலேயே பேனாவால் எழுதிவிடாதீர்கள்.

ஏற்கெனவே லேமினேட் செய்துவிட்டீர்களா? பிரிக்க முயலாதீர்கள், கத்தியால் நிச்சயம் வேண்டாம். நல்ல ஸ்கேன் எடுத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பிறகு பழைய தாள்களைச் செப்பனிடும் பாதுகாப்பாளர் ஒருவரைப் பாருங்கள்; ஆனால் முழுதாக மீளும் என்று எதிர்பார்க்காமல் வாருங்கள்.