இரத்த அழுத்தம் சரியும்போது நார்அட்ரினலின் என்ன செய்கிறது?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும், 60 கிலோ எடையுள்ள ஒருவர், பல நாள் காய்ச்சலுக்குப் பிறகு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்தில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கு இருக்கிறது. அது உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸின் அடையாளம். இரத்த அழுத்தமோ 70/40. மேல் எண்ணோடு கீழ் எண்ணை இருமுறை கூட்டி மூன்றால் வகுத்தால் கிடைக்கும் சராசரி அழுத்தம் 50 தான். சிறுநீரகம், மூளை போன்ற உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போய்ச் சேர, இது பொதுவாக 65 ஆவது இருக்க வேண்டும்.

இந்த நிலையில் இதயம் பெரும்பாலும் வேகமாகவே துடித்துக்கொண்டிருக்கும். கடுமையான தொற்றின்போது உடலில் நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருள்கள் மிகுதியாகச் சுரந்து இரத்தக்குழாய்ச் சுவரின் தசைகளைத் தளர்த்திவிடுகின்றன; குழாய்களின் உட்சுவரும் பழுதடைந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் கசிகிறது. ஆகவே முதலில் சலைன் போன்ற திரவம் ஏற்றப்படுகிறது. கிலோவுக்கு 30 மில்லிலிட்டர் என்ற கணக்கில் இவருக்கு முதல் 3 மணி நேரத்தில் ஏறத்தாழ 1,800 மில்லிலிட்டர். ஆனால் கசியும் குழாய்களில் அளவின்றி ஊற்றப்படும் திரவம் நுரையீரலில் தேங்கி மூச்சையே முட்டச் செய்யும். அழுத்தம் இவ்வளவு தாழ்ந்திருக்கையில், திரவம் முழுவதும் ஏறி முடியட்டும் என்று காத்திராமல் நார்அட்ரினலினைத் தொடங்குவதே முறை.

இந்த மருந்து, நம் நரம்பு முனைகள் இயல்பாகவே சுரக்கும் பொருள்தான். அதை 1946-இல் கண்டறிந்து சொன்ன ஸ்வீடன் நாட்டு அறிஞர் உல்ஃப் வான் ஆய்லர் 1970-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். குழாய்ச் சுவரின் தசைச் செல்களில் உள்ள ஆல்ஃபா-1 ஏற்பிகளில் அது பொருந்தியதும், செல்லுக்குள் கால்சியம் பெருகித் தசை சுருங்குகிறது. சுருக்கம் சிறிதாயினும் விளைவு பெரிது: குழாயின் ஆரம் 16 சதவீதம் குறைந்தாலே இரத்தம் பாய்வதற்கான தடை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும், ஏனெனில் அந்தத் தடை ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. உடலின் இரத்தத்தில் பெரும்பகுதியைத் தாங்கி நிற்கும் சிரைகளும் இதே மருந்தால் இறுகுவதால், அங்கே தேங்கிய இரத்தம் இதயத்துக்குத் திரும்பி வருகிறது. இந்த இரண்டாவது வேலை அதிகம் பேசப்படுவதில்லை. தொடக்க நேரத்தில் அதன் பங்கு சிறியதன்று என்றே நான் கருதுகிறேன்.

நார்அட்ரினலின் இரத்தத்தில் நிலைப்பது மிகக் குறைந்த நேரமே. சுமார் 2 நிமிடத்தில் அதன் அளவு பாதியாகிவிடும் என்பதால், சிரிஞ்ச் பம்ப் வழியாக அதை இடைவிடாமல் செலுத்த வேண்டும். 4 மில்லிகிராம் மருந்தை டெக்ஸ்ட்ரோஸ் கரைசலில் கலந்து 50 மில்லிலிட்டராக்கினால், ஒரு மில்லிலிட்டரில் 80 மைக்ரோகிராம் இருக்கும். கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் வேண்டுமென்றால், நம் நோயாளிக்கு மணிக்கு 4.5 மில்லிலிட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைச் சொட்டு. அந்த ஒன்றரைச் சொட்டு நின்றால் சில நிமிடங்களில் அழுத்தம் மீண்டும் சரியும். அதனால்தான் சிரிஞ்ச் தீர்வதற்கு முன்பே செவிலியர் இரண்டாவது பம்ப்பில் புதிய சிரிஞ்சைப் பொருத்தி ஓடவிட்டு, அழுத்தத்தைக் கண்காணித்தபடி பழையதை நிறுத்துகிறார். நள்ளிரவிலும் பிசகாமல் நடக்க வேண்டிய இந்த மாற்றத்தை, மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்கு இணையான மருத்துவப் பணியாகவே மதிக்க வேண்டும்.

முன்பு டோபமைனும் இதே இடத்தில் பரவலாகப் பயன்பட்டது. 1,679 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2010-இல் வெளிவந்த ஆய்வில், இறப்பு விகிதத்தில் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. ஆனால் இதயத்துடிப்பு ஒழுங்கின்மை டோபமைன் பெற்றவர்களில் 24 சதவீதத்தினருக்கும், நார்அட்ரினலின் பெற்றவர்களில் 12 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டது. தொற்றால் இரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியும் இத்தகைய அதிர்ச்சி நிலைக்கு (செப்டிக் ஷாக்) இன்று நார்அட்ரினலினே முதல் தேர்வு.

ஆபத்துகளும் உண்டு. மருந்து சிரைக்கு வெளியே கசிந்தால் அவ்விடத்துத் தோலும் சதையும் இரத்தமின்றி அழுகக்கூடும். அவசரத்தில் முழங்கையருகே நல்ல சிரையொன்றில் சிறிது நேரம் செலுத்தலாம். நீண்ட நேரத்துக்குக் கழுத்தின் பெரிய சிரையில் போடும் சென்ட்ரல் லைனே பாதுகாப்பானது. அளவு கூடினால் விரல் நுனிகள் கருக்கவும் வாய்ப்புண்டு. எனவே அளவை ஏற்றிக்கொண்டே போகாமல், வேறு ஏற்பி வழியாகக் குழாயை இறுக்கும் வாசோபிரஸினையும், ஸ்டீராய்டு மருந்தான ஹைட்ரோகார்ட்டிசோனையும் சேர்க்கிறார்கள்.

கிருமியை இவற்றுள் எதுவும் கொல்வதில்லை. நம் நோயாளிக்கு அதைச் செய்வது டாக்சிசைக்கிளின் போன்ற ஆன்டிபயாட்டிக். அது வேலை செய்யும்வரை உறுப்புகளைக் காப்பதே நார்அட்ரினலினின் பொறுப்பு. ஆகவே மருத்துவர் மானிட்டரில் 65 வந்துவிட்டதோடு நிறைவடைவதில்லை. சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டராவது இறங்குகிறதா, அழுத்திவிட்ட விரல் நுனியில் 3 நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா, திசுக்களுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காதபோது இரத்தத்தில் கூடும் லாக்டேட் குறைகிறதா என்று பார்க்கிறார். இவை தேறிய பிறகும் பம்ப் சட்டென்று நிறுத்தப்படுவதில்லை. அளவு சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் அழுத்தம் தாங்கி நிற்பது உறுதியான பின்பே அடுத்த குறைப்பு நடக்கிறது.