99 வயதுக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

கருத்துக்கணிப்பு முடிந்து, வினாப்படிவங்கள் மேசையில் குவிந்ததும் பலருக்கும் ஒரு நிம்மதி: மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ளும்தான். ஆனால் அதற்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே, அவற்றின் பொருள் தெரியாது.

சமூக அறிவியலுக்கென்றே 1968இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவானது எஸ்பிஎஸ்எஸ் (SPSS) என்ற புள்ளியியல் மென்பொருள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்த ‘ஆர்’ (R) என்ற மென்பொருள் இலவசம். எதை எடுத்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: பதில்களை எண்ணாக்குவது. ஆண் 1, பெண் 2 என்று கொடுத்துவிட்டு ‘சராசரிப் பாலினம்’ கேட்டுப் பாருங்கள். இருவரும் சரிபாதி இருந்தால் 1.5 என்று கூசாமல் சொல்லும்.

இது சிரிப்போடு போய்விடும். சிக்கல், பதில் சொல்லாதவர்களிடம் இருக்கிறது. வயதைச் சொல்லாதவருக்கு 99 என்று போடுவது பழைய வழக்கம். நூறு பேரில் 95 பேரின் சராசரி வயது 30, மீதி ஐந்து பேருக்கு 99 என்று வையுங்கள். ‘99 என்றால் விடுபட்ட மதிப்பு’ என்று மென்பொருளிடம் சொல்ல மறந்தால், சராசரி 33.45 ஆகிவிடும். யாருக்கும் சந்தேகம் வராது. 99க்குப் பதில் 999 போட்டிருந்தால் 78.45 வந்திருக்கும், பார்த்தவுடனே பிடிபட்டிருக்கும். அதனால், செய்தால் பெரிய தப்பாகச் செய்வதே மேல் என்பது என் கட்சி.

சரி, சோதனைக்கு வருவோம். 100 ஆண்கள், 100 பெண்களிடம் ஒரு திட்டத்தை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டோம். ஆண்களில் 70 பேர், பெண்களில் 50 பேர் ஆம் என்றார்கள். இந்த வித்தியாசம் தற்செயலா? இதைப் பார்க்க உதவும் கை-வர்க்கச் சோதனை (chi-square test) உள்ளே செய்வது எளிய கணக்கு. மொத்தம் 120 ‘ஆம்’. பாலினத்துக்கும் பதிலுக்கும் தொடர்பே இல்லையென்றால் இரு பக்கமும் 60 ‘ஆம்’, 40 ‘இல்லை’ என்று வந்திருக்க வேண்டும். நான்கு கட்டங்களிலும் வித்தியாசம் 10. அதை வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, நான்கையும் கூட்டினால் 8.33. தொடர்பே இல்லாத நிலையில் இவ்வளவு பெரிய மதிப்பு தற்செயலாக வர வாய்ப்பு சுமார் 0.004. அதுதான் எல்லோரும் தேடும் பி-மதிப்பு. ‘தொடர்பே இல்லை’ என்ற கருதுகோள் சரியாக இருக்கும் வாய்ப்பு என்று அதைப் படிப்பவர்கள் உண்டு, அது தவறு.

அப்புறம், இதே தரவை ‘ஆர்’இல் போட்டால் 8.33க்குப் பதில் 7.52 வரும். பதற வேண்டாம். இரண்டுக்கு இரண்டு அட்டவணை என்றால், புள்ளியியலாளர் யேட்ஸ் 1934இல் சொன்ன திருத்தத்தை அது கேட்காமலே சேர்த்துவிடுகிறது: ஒவ்வொரு வித்தியாசத்திலும் அரை கழித்து, பத்தை ஒன்பதரை ஆக்கிவிடும். எஸ்பிஎஸ்எஸ் இரண்டு விடைகளையும் அடுத்தடுத்த வரிகளில் காட்டும். அதில் எந்த வரியை எடுத்தோம் என்று ஆய்வறிக்கையில் எழுதத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.