ரீல் சிக்காமல் ஓட ஒரு சிறு காந்தம்

"ஏரியில் விரால் பிடிக்க பேட்காஸ்டிங் ரீல் வாங்கினேன். பத்து முறை வீசினால் எட்டு முறை தூண்டில் நரம்பு சிக்கிக்கொள்கிறது. பழைய ஸ்பின்னிங் ரீலுக்கே போய்விடவா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போக வேண்டாம். ரீலுக்குள் நடப்பது புரிந்துவிட்டால் சிக்கல் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

முதலில் ஸ்பின்னிங் ரீல். வீசும்போது அதன் ஸ்பூல், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் உருளை, அசையாது. நூல்கண்டை நிறுத்திவைத்து மேல்பக்கமாக நூலை உருவுவதுபோல, விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக நரம்பு கழன்று போகும். இங்கிலாந்தின் நெசவாலை அதிபர் ஹோல்டன் இல்லிங்வொர்த் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நூல்கண்டுகளுக்கு நடுவே இருந்த மனிதருக்கு இந்த யோசனை வந்ததில் வியப்பில்லை. சுழற்றிவிட வேண்டிய பொருளே இல்லாததால் ஐந்து கிராம் இரைகூட நன்றாகப் பறக்கும். கெண்டை, ஜிலேபி பிடிப்பவருக்கும், கரையில் நின்று சிறு லூர் (செயற்கை இரை) வீசுபவருக்கும் இது போதும். கடற்பாறையில் நின்று கொடுவாய்க்கு வீசுபவர் இதிலேயே பெரிய அளவு வாங்கலாம். படகில் நரம்பை இழுத்துக்கொண்டே போய் வஞ்சிரம் பிடிப்பவருக்கு, நிறைய நரம்பு கொள்ளும் பெரிய மல்டிப்ளையர், அதாவது ஸ்பூல் சுழலும் கடல் ரீல் வேண்டும்.

விரால் கதை வேறு. இரையாக வீசும் ரப்பர் தவளையைக் கவ்விய கையோடு அது தாமரைக் கொடிக்குள் பாயும். தடித்த பின்னல் நரம்பைப் போட்டு அதே நொடியில் வெளியே இழுக்க வேண்டும். ஸ்பின்னிங் ரீலில் நரம்பு செங்கோணமாக மடங்கித்தான் ஸ்பூலில் ஏறும். பேட்காஸ்டரில் நேராக ஏறும். அதனால்தான் இழுவைக்கு அது கெட்டி.

ஆனால் வீசும்போது அதன் ஸ்பூல் சுழன்றாக வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். ஸ்பூலின் விட்டம் 34 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 10.7 சென்டிமீட்டர். தவளை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், ஸ்பூல் நொடிக்கு 187 சுற்று சுற்ற வேண்டும். வீட்டு மின்விசிறி முழு வேகத்தில் ஆறு சுற்றுதான் சுற்றும்!

சிக்கல் அடுத்த நொடியில் வருகிறது. காற்று தவளையை மெதுவாக்குகிறது. ஸ்பூலோ சுழல் நிலைமத்தால் பழைய வேகத்திலேயே ஓடுகிறது. வெளியே போகும் நரம்பைவிட உள்ளே அவிழும் நரம்பு அதிகம். மிஞ்சியது குருவிக்கூடாகிறது. இதைத்தான் பேக்லாஷ் என்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பல ரீல்களில் ஸ்பூலின் ஓரத்தில், அதைத் தொடாமல், சில சிறு காந்தங்கள் இருக்கும். ஸ்பூல் அலுமினியம். காந்தம் அலுமினியத்தை ஈர்க்காது. பிறகு எப்படிப் பிரேக் பிடிக்கிறது?

பிளஸ் டூவில் படித்த சுழல் மின்னோட்டம்தான். காந்தப்புலத்தின் குறுக்கே உலோகம் நகரும்போது அதற்குள் சிறு நீர்ச்சுழிகள்போல மின்னோட்டம் எழுகிறது. லென்ஸ் விதிப்படி, தன்னை உண்டாக்கிய அசைவையே அது எதிர்க்கும். வேகம் இரு மடங்கானால் தடுக்கும் விசையும் ஏறக்குறைய இரு மடங்கு. ஸ்பூல் நின்றுவிட்டால் தடையும் இல்லை. எவ்வளவு தேவையோ அவ்வளவைத் தானே அளந்து கொடுக்கும் பிரேக் இது. உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. ஸ்பூலின் ஓட்டம் மட்டும் வெப்பமாக மாறிக் கரைகிறது. ஒரு மீட்டர் அலுமினியக் குழாய்க்குள் நியோடிமியம் காந்தத்தைப் போட்டுப் பாருங்கள். தேனுக்குள் விழுவதுபோல மிதந்து இறங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கும். எல்லாப் பள்ளியிலும் பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்க வேண்டும். பெரிய செலவே இல்லை.

இதே காந்தத்தை வளையலில் பதித்து, இரத்தத்திலுள்ள இரும்பை இழுத்து ஓட்டத்தைச் சீராக்கும் என்று விற்கிறார்கள். நம்பாதீர்கள். இரத்தத்தில் இரும்பு ஆணியைப்போல இல்லை. ஹீமோகுளோபினில் கட்டுண்டு கிடக்கிறது. ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தைக் காந்தம் மிக மிக மெல்லத் தள்ளத்தான் செய்யும். நோயாளியின் பயத்தை வைத்துப் பணம் பறிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சில ரீல்களில் காந்தத்துக்குப் பதில் மையவிலக்குப் பிரேக் இருக்கும். சிறு கட்டைகள் வெளிப்புறம் தள்ளப்பட்டு உரசும். அதன் பிடி வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். ஆகவே தொடக்கத்தில் இறுக்கிப் பிடித்துப் பிறகு சட்டென்று விட்டுவிடும். காந்தப் பிரேக் கடைசிவரை கூடவே வரும். பழகுபவருக்குக் காந்தம் நல்லது என்பேன்.

இனி உங்கள் ரீல். தவளையைக் கட்டித் தொங்கவிட்டு, கைப்பிடிப் பக்கத்துச் சிறு திருகைத் தளர்த்துங்கள். தவளை மெல்ல இறங்க வேண்டும். தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்க வேண்டும். காந்தப் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் திருகை உச்சத்தில் வைத்து வீசுங்கள். பத்து வீச்சு சிக்காமல் போனால் ஒரு புள்ளி குறையுங்கள். தவளை நீரைத் தொடும் கணத்தில் கட்டைவிரலால் ஸ்பூலை அமுக்கிவிடுங்கள். அந்த வேலையை எந்தக் காந்தமும் செய்யாது. எதிர்க்காற்று அடித்தால் இரண்டு புள்ளி ஏற்றிக்கொள்ளுங்கள்.