டிகிரி முடித்து வக்கீல் படிப்பா? முதல் செமஸ்டரிலேயே தெரிய வேண்டியவை

போன மாதம் ஒரு அப்பா தன் மகளைக் கூட்டிக்கொண்டு என் வக்கீல் ஆபீசுக்கு வந்தார். வழக்கு விஷயமாக இல்லை, பெண் பி.காம். கடைசி வருடம், அடுத்து மூன்று வருட எல்.எல்.பி. சேர ஆசைப்படுகிறாள், வழி சொல்லுங்கள் என்றார். அவள் கேட்ட முதல் கேள்வி, "கிளாட் எப்ப சார் எழுதணும்?" முதல் வருடம் இரண்டு அரியர், மற்ற பாடங்களிலும் மார்க் சுமார்தான், எப்படியும் நுழைவுத் தேர்வில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாளாம். எனக்கு மனசே கஷ்டமாகிவிட்டது.

கிளாட் என்பது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு, அதுவும் பிளஸ் டூ முடித்தவர்கள் சேரும் ஐந்தாண்டுப் படிப்புக்கும், எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்புக்கும்தான். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 2022-ல் தொடங்கிய மூன்றாண்டுப் படிப்புக்குத் தனித் தேர்வு இருக்கிறது, டெல்லி பல்கலைக்கழகத்துக்கு கியூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆனால் தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, டிகிரி மார்க்கை வைத்துத்தான் தரவரிசை போடுகிறார்கள். பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 என்பது விண்ணப்பிக்க மட்டும்தான், இடம் கிடைக்க அது போதாது. முதல் செமஸ்டர் மார்க்கும் அந்தக் கணக்கில்தான் வரும்.

இன்னொன்று, இதில் ஏமாந்து நிற்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பத்தாவது, பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டத்தை வைத்து, வக்கீல் படிப்புக்கு விதி வகுக்கும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 2008 விதிகளின்படி சட்டப் படிப்பில் சேர முடியாது. பள்ளிப் படிப்பை முறையாக முடித்து, அப்புறம் தபால் வழியில் டிகிரி படித்தவர்கள் பயப்பட வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன்னால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, மார்க் தவிர வேறென்ன? எழுதிப் பழகுங்கள். என்னிடம் வரும் ஜூனியர்களில் பலருக்குச் சட்டம் தெரிகிறது, ஆனால் வழக்கோடு வரும் கட்சிக்காரர் அரை மணி நேரம் அழுதுகொண்டே சொன்னதைத் தேதி வாரியாக ஒரு பக்கத்தில் எழுதத் தெரிவதில்லை. பக்கத்து வீட்டு வரப்புத் தகராறோ, வாடகை அட்வான்ஸ் திரும்பி வராத கதையோ, யார், எப்போது, என்ன செய்தார், கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று முதலில் தமிழில் எழுதுங்கள், பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதுங்கள். கீழ்க் கோர்ட்டில் தமிழ் ஓடும், உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான், இரண்டும் இல்லாமல் முடியாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல இப்போது தமிழிலேயே அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டு மொழியும் சேர்ந்து வரும். ஐ.பி.சி. எனும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் கைடு யாராவது கொடுத்தால் அதில் மூழ்கிவிடாதீர்கள், 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது.

அப்புறம் கோர்ட்டுக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கிறது, பின் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்தால் யாரும் விரட்ட மாட்டார்கள், செல்போனை மட்டும் அணைத்துவிடுங்கள். அந்தப் பெண்ணை, சிவில் வழக்குகளை விசாரிக்கும் கீழ்க் கோர்ட்டான முன்சீப் கோர்ட்டுக்குப் போய் ஒரு குறுக்கு விசாரணையை முழுசாகப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன், ஆனால் மே மாதம் வேண்டாம், சிவில் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை.